சிவப்பு நூல் எடுத்த சட்டை

அழுக்குத் துணியை மூட்டை கட்டிக் கொடுப்பவர் மானத்தையும் சேர்த்துத்தான் நம் கையில் கொடுக்கிறார். சக இஸ்திரிக்காரர்களே, அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கும் ஆசை உங்களுக்கும் வந்திருக்கும். நாம் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இண்டர்வியூ

திருவொற்றியூரில் எனக்கும் அப்பாவுக்கும் சலவைக்கடை. துணி மாறாமலிருக்க, காலரின் உள்பக்கம் வீட்டுக்கு ஒரு நிற நூலில் இரண்டு தையல் போடுவோம். குப்பத்து எல்லம்மா அக்காவுக்குச் சிவப்பு. கடலுக்குப் போய்த் திரும்பாத கணவரின் நீலச் சட்டையை, வருஷா வருஷம் படையலில் வைக்க எங்களிடம்தான் வெளுக்கக் கொடுப்பார்.

மணலியில் ஒரு கிடங்கில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னிடம் நல்ல சட்டை இல்லை. வெளுக்க வந்திருந்த அந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். நூலைப் பார்த்து வண்ணார் வீட்டுப் பையன் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று, பிளேடால் அறுத்தும் எடுத்தேன். மேனேஜர் கேட்டதற்கு, ஆமாம் என்று தலையாட்டினேன்: “சட்ட ஷோக்கா கீதுப்பா! உங்க நைனா எடுத்துக் குட்த்ததா?”

நூல் இல்லாத துணி

திரும்பியதும் சட்டையை அழுக்கு மூட்டையில் செருகிவிட்டேன். புது வாடிக்கைக்காரர் துணியில்தான் நூல் இருக்காது. அப்பா அதை வெளுத்து, புதிதாக வந்த மாத்தூர்க்காரரின் துணியோடு அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிவதற்குள் மூட்டை போய்விட்டது.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா வந்தார். அப்பா அலமாரி முழுக்கக் கொட்டித் தேடினார். நான் குனிந்து, தேய்த்து முடித்த வேட்டியையே மறுபடி தேய்த்தேன். அப்பா கைகட்டி நிற்க, அக்கா சொன்னார்: “உன்ன நம்பித்தானே குட்த்தேன். செத்தவன் துணிய எவனுக்குய்யா வித்த?”

மாத்தூர்

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அந்த ஆள் நீலச் சட்டையோடு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்களுடையது இல்லை என்று தெரியவில்லையா என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அவர் பட்டனைக் கழற்றியபடி சொன்னார்: “தெரியும்பா. நல்லா கீதேன்னு போட்டுக்கினேன். நீயா இருந்தா போட மாட்டியா?”

அக்கா வீடு

வெளுத்து, தேய்த்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலை அறுத்ததையும் சொன்னேன். அக்கா சட்டையைக் கணவர் படத்தின் முன்னால் வைத்து, காலரை நீவிவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “உங்க நைனாவ இன்னா பேச்சு பேசிட்டேன்டா! அது உன் சோப்புல போவுமா?”

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அவரோ சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொலைத்தார்.