பனியன் மூட்டை

திருமுல்லைவாயில் பையன்களின் கால்பந்துக் குழுவுக்கு நான்தான் தலைவன். ரயில்வே துரை ஒருவர் கொடுத்த ஒரே ஒரு செட் நீலப் பனியன்தான் எங்கள் சொத்து. ஆட்டம் முடிந்ததும் எங்களோடு ஆடும் முனுசாமி அவற்றை மூட்டையாகக் கட்டித் தன் வீட்டுக்குத் துவைக்க எடுத்துப் போவான்.

பூந்தமல்லிக்காரர்களோடு ஆட வேண்டிய அன்று காலை மூட்டையை வாங்கப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளிருந்து அவன் அம்மா சத்தம் போட்டார்.

"அங்கியே நில்லு நைனா! பாப்பாவுக்கு அம்மை போட்டுகீது. இந்த ஊட்லேர்ந்து ஒரு துரும்பு வெளிய போவாது."

"பனியன் மட்டும் குடு அத்தே. இன்னிக்கு ஆட்டம் கீது."

"ஆத்தா எறங்கட்டும். அப்பால வா."

மூடநம்பிக்கை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். கிடைத்த சட்டையில் ஆடித் தோற்றோம்.

முனுசாமியின் குட்டித் தங்கை பிழைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு முனுசாமி வந்தான். "அந்த மூட்டையத்தான்டா பாப்பாவுக்குத் தலகாணியா வெச்சிருந்தோம்" என்றான். அன்று அதை வாங்கி வந்து போட்டிருந்தால் பதினொரு பேருக்கும் அம்மை தொற்றியிருக்கும்.

மூட்டையை எரித்தோம். இப்போது அவரவர் சட்டையை அவரவரே கொண்டு வருகிறோம். தடுப்புக்காக அம்மை குத்திய தழும்பைக் காட்டாமல் யாரையும் நான் மைதானத்தில் இறங்க விடுவதில்லை. ஒரு பையன் வீட்டு வாசலில் வேப்பிலை தெரிந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். எங்கள் பல நிறச் சட்டைகளைப் பார்த்துப் பூந்தமல்லிக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதினொரு பேரும் இருக்கிறோம்.