ரால்ஃப் பிரபுவின் வீட்டார்

ஜெர்மனியில் பதினொரு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கிக் களைத்தபின், தமிழ்ச் சனத்தோடு பிள்ளைகள் வளரட்டும் என்று லண்டனின் மிச்சம் பகுதிக்குக் குடிவந்தவள் சுலோச்சனா. இங்கும் அதே தொழில்தான். காலையில் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு பழைய தேவாலயம்; மத்தியானம் முதியோர் இல்லத்தில் சலவை.

தேவாலயத்தில் ரால்ஃப் பிரபு எழுநூறு வருடங்களுக்கு மேலாகக் கல்லில் மல்லாந்து கிடந்தார். அரசருக்குப் போர்வீரர்களைக் கொடுத்து, அதற்கு ஈடாக ஊர் ஊராய் நிலம் ஆண்ட மனிதர். கல்லறைப் பக்கவாட்டில் மூன்று மகள்மாரும் ஒரே மகனும் சிறு உருவங்களாக நின்றார்கள். ஈரம் ஆகாது என்பதால் சுலோச்சனா காய்ந்த துணியால்தான் துடைப்பாள்.

2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்தது. அவள் தம்பி ஞானேஸ்வரனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஜூலையில் கணவர் இராஜேந்திரன், தம்பி இறந்ததாகவே எண்ணிக் கிரியையைச் செய்துவிடுவோமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜோன் என்ற மூதாட்டியிடம் பிரபுவின் மகனைப் பற்றி விசாரித்தாள். அரசரோடு பிரான்சுக்குப் போருக்குப் போனவன் திரும்பவில்லை, உடலைக் கண்டவர்களும் இல்லை என்றார் ஜோன். அந்தத் துக்கத்தில் பிரபுவும் போய்ச் சேர்ந்தார். ஆண் வாரிசு இல்லையென்றால் நிலத்தை மகள்மாருக்குப் பிரிக்க வேண்டும். பிரபுவின் மனைவி இசபெல் சம்மதிக்கவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று மருமக்களையும் அரசரின் அதிகாரிகளையும் ஏழு வருடம் வாசலிலேயே நிறுத்தி வைத்தாளாம். கடைசியில் அவர்களாகவே பிரித்துக்கொண்டார்கள். அவளை எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது.

அங்கே வேலை செய்த ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சுலோச்சனா மர வாங்கில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து இராஜேந்திரனிடம் இசபெல்லின் கதையைச் சொல்லிவிட்டுச் சொன்னாள்: "ஏழு வருசம் என்னால ஏலாது. இந்த வருசம் மட்டும் பாப்பம்."

"ஓம்," என்றார் அவர். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

டிசம்பரில் தம்பியின் மனைவி ரஜனி வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே வந்து தொலைபேசியில் பேசினாள். "நான்தான், மச்சாள், அவருக்கு மண் போட்டனான்," என்றாள். எந்த இடம், என்ன நாள் என்று சுலோச்சனா கேட்டு எழுதிக்கொண்டாள். ரஜனியின் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றும் கேட்டாள்.

கிரியை அடுத்த கிழமை நடந்தது. இரண்டு வேலைக்கும் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தாள். மிச்சமிருந்த இரண்டு நாளும் அவள் தூங்கினாள். இராஜேந்திரன் பிள்ளைகளைச் சத்தம் போட விடவில்லை.