சிவப்பு போட்ட வாரத்தில் ரூம் இல்லை

அந்த வாரம் டிவியில் தமிழ்நாட்டுப் படத்தைப் போட்டு எங்கள் மாவட்டம் முழுவதும் சிவப்பு அடித்திருந்தார்கள். கீழே வெயில் நாற்பதைத் தாண்டும், மதியம் யாரும் வெளியே வராதீர்கள், வெளி வேலை செய்கிறவர்கள் நிழலில் இருங்கள் என்று ஒரு பெண் வாசித்தாள். கொடைக்கானலும் அதே மாவட்டம்தான். அதனால் எங்கள் மேலும் சிவப்புதான். ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"பாத்தியா, நம்மளும் செவப்புக்குள்ளதான் கெடக்கோம்" என்று தன் சம்சாரத்திடம் சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இன்னொரு டீ கொண்டா" என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை வாசல் கேட்டிலேயே தெரிந்துவிட்டது.

வில்பட்டி ரோட்டில் மூன்று ரூம் உள்ள காட்டேஜ் அது. ஓனர் மதுரையில் இருக்கிறார். சாவி, சமையல், வெந்நீர், போர்வை எல்லாம் என் பொறுப்பு. பின்னால் ஓர் அறையில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

நாங்கள் பண்ணைக்காட்டுக்காரர்கள். காப்பிப் பழம் எடுத்து முடித்துவிட்டால் கோடையில் மேலே சோலி கிடையாது. ஜீப்பில் ஏறிக் கீழே மாங்காய் இறக்கப் போவோம். பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் டீ கேட்ட இவருடைய மாந்தோப்பு. அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கி வேலை செய்தோம். இந்தச் சிவப்பு வாரத்துக்கு முந்தின கோடையில் நடந்தது இது.

அன்றைக்கும் இதே மாதிரி செய்தி சொன்னார்கள். யாரோ போனில் போட, கேட்டோம். காலையில் என் வீட்டுக்காரர் தோப்புக்காரரிடம் போய்ச் சொன்னார்.

"மொதலாளி, மதியம் வெளிய நிக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. இப்ப வெள்ளனே ஏத்துறத ஏத்திட்டு, மிச்சத்த வெயில் தாழ ஏத்திருவோம்."

"ஏலே, அது ஆபீசுக்குப் போறவனுக்குச் சொல்றது. உனக்கெதுக்குச் செய்தி? மரத்தடியில நிக்கிறவனுக்கு என்ன வெயிலு? வெரசா ஏத்து. மண்டியில வெல போயிரும்."

மரத்தடியில் இறக்கினோம், சரி. ஏற்றுவது வெட்டவெளியில். வண்டியின் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. மலையில் வளர்ந்த உடம்பு. மதியத்துக்கு மேல் என் வீட்டுக்காரருக்கு வேர்வை நின்றுபோனது. நான் அதை நல்லது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. பெட்டியைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்தார். தொட்டால் அடுப்பு மாதிரி இருந்தது.

தோப்புக்காரர் சம்சாரம்தான் வீட்டிலிருந்து குடத்தோடு ஓடி வந்து தலையில் ஊற்றினார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். தூரத்திலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அங்கே வண்டி நின்றது. டிரைவர் நின்றான்.

"மொதலாளி, வண்டியக் குடுங்க" என்று கேட்டேன்.

அவர் முதலில் சம்சாரத்தை உள்ளே போகச் சொன்னார். அந்தம்மா போன பிறகு என்னைப் பார்த்தார்.

"முக்கால் லோடு ஏத்தியாச்சு. மண்டியில எறக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போகட்டும். நீ தண்ணி ஊத்திக்கிட்டே இரு."

வண்டி மாங்காயோடு கிளம்பியது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வண்டி திரும்பி வந்துதான் ஏற்றினோம். ஆம்புலன்ஸ் பாதி வழியில் எதிரே வந்தது.

உயிர் இருந்தது. மூளையில் சூடு ஏறிவிட்டது, வெரசாகக் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். கை நடுக்கம் நிற்கவில்லை. பேச்சு ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. இனி வெயிலில் விடக் கூடாது என்றார்கள். அதனால்தான் குளிரைத் தேடி மேலே வந்து இந்த வேலையில் சேர்ந்தேன்.

இப்போது தோப்புக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் கையால் டீ குடித்தார். போனில் இ-பாஸ் காட்டி, ஓனரிடம் சொல்லி, இரண்டு ராத்திரிக்கு ரூம் எடுத்து வந்திருந்தார். பின்கண்ணாடியில் வேல் படம் ஒட்டிய வெள்ளை வண்டி. அந்தம்மா மட்டும் என்னை அடிக்கடி பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம் என்று யோசிக்கிற பார்வை. நான் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரரைப் பின்னறையை விட்டு வரக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

டீயில் எதையும் போடவில்லை. போட நினைத்தேன். என்ன போடுவது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ரூமைக் காலி செய்ய வேண்டும். மூன்று ரூமையும் எடுத்திருந்த கோயம்புத்தூர் பார்ட்டி வந்துகொண்டிருந்தது. தோப்புக்காரர் போனை நீட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, இங்க பாரு. இன்னும் மூணு நாளைக்குச் செவப்புதான் போட்டிருக்கான். எனக்கு பிரஷர் இருக்கு. வெயில்ல இருக்கக் கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு. எங்கயாச்சும் ஒரு ரூம் பாத்துக் குடு."

"அது ஆபீசுக்குப் போறவங்களுக்குச் சொல்றது சார்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார். பாக்கறேன்."

அவருக்கு உறைக்கவில்லை. தான் சொன்னது என்று ஞாபகம் இருந்தால்தானே உறைக்கும்.

சீசனில் ரூம் கிடைப்பது எப்படி என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கீழே வெயில் ஏறினால் இங்கே எல்லா லாட்ஜும் நிறைந்துவிடும். கடைசி நேரத்தில் யாராவது வராமல் போனால் ஒன்றிரண்டு ரூம் மிஞ்சும். அது சாவி வைத்திருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு, உன் பார்ட்டியை என்னிடம் அனுப்பு, என் பார்ட்டியை நீ எடுத்துக்கொள் என்று பேசிக்கொள்வோம். எதற்கு என்று கேட்க மாட்டோம். இன்னாரை ரூமில் ஏற்றாதே என்று சொன்னாலும் அப்படித்தான்.

சத்தியமாக ரூம் பார்க்கத்தான் போனை எடுத்தேன். பார்ட்டியை விரட்டினால் ஓனர் என்னை விரட்டுவார். இந்தக் குளிரை விட்டால் என் வீட்டுக்காரருக்கு வேறு போக்கிடம் இல்லை. தோப்புக்காரர் போய்த் தொலையட்டும், வேறு எங்காவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது முற்றத்தில் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வெளியே வந்திருந்தார். தோப்புக்காரருக்கு எதிரில் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி" என்றார். "லோடு ஏத்திரட்டுமா?"

ஒரு வருஷமாக அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் பேரே அவருக்குச் சில நாள் வராது.

தோப்புக்காரர் அவரைக் காட்டேஜ் வேலைக்காரர் என்று நினைத்துக்கொண்டார். "ஏத்து, ஏத்து" என்றார் சிரித்துக்கொண்டே. "ரெண்டு பொட்டிதான். பின்னால வையி. பாத்து."

என் வீட்டுக்காரர் நடுங்குகிற கையால் பெட்டியைத் தூக்கி வெயிலில் நடந்தார். நான் ஓடிப் போய்ப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. "லோடு" என்றார். இழுத்துக்கொண்டு போய் அறையில் உட்கார வைத்தேன். அவர் முகத்தில் சந்தோஷம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். முதலில் மேல் வளைவில் இருக்கிற காட்டேஜ் அக்காவுக்கு.

"அக்கா, வேல் படம் ஒட்டுன வெள்ள வண்டி ஒண்ணு வரும். ஏத்தாதீங்க."

"ஏன்டி, குடிச்சுட்டு ரகளையா?"

"அதவிட மோசம்."

"சரி விடு."

அடுத்து பஜாரில் லாட்ஜ் வைத்திருக்கிற பாய்.

"ஏம்மா, சீசன்ல வீடு தேடி வர்ற வருமானத்தத் திருப்பி அனுப்பச் சொல்றியே, நாயமா?"

"நாயமில்ல பாய். எனக்காக."

"நீ இதுவரைக்கும் எனக்காகன்னு ஒண்ணும் கேட்டதில்ல. போகட்டும். வண்டி நம்பரச் சொல்லு" என்றார்.

மிச்சம் இருந்தவர்களுக்கும் போட்டேன். பிறகு வெளியே வந்து, "சார், ஏரிக்கு மேல போயிக் கேட்டுப் பாருங்க. கெடைக்கும்" என்றேன்.

போனார்கள்.

மதியம் முழுக்கப் போன் வந்துகொண்டே இருந்தது. "உன் வண்டி வந்துச்சு, திருப்பிட்டேன்." "கெஞ்சுறாருடி, ரெண்டு பங்கு தாரேங்கிறாரு." "சம்சாரம் பாவம் போல இருக்கே?" அந்தம்மாவை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு போனுக்கும் எனக்கு உடம்பு குளிர்ந்தது. அன்றைக்குச் சோறு இறங்கியது. ஓனர்கூட மதுரையிலிருந்து கூப்பிட்டார்.

"எங்கயுமே ரூம் இல்லையாம்மா?"

"சீசன் சார். கீழ செவப்பு போட்டிருக்கான்ல."

"ஆமாமா" என்று வைத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வண்டி என் கேட்டுக்கே திரும்பி வந்தது. தோப்புக்காரர் முகம் தொங்கிப் போயிருந்தது. கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றேன்.

"ஏம்மா, ஒரு எடமும் இல்ல. ஹால்லயாவது படுத்துக்கிடுறோம். எம்புட்டு வேணும்னாலும் தாரேன்."

"ஹால்ல படுக்க விடமாட்டோம் சார்."

அந்தம்மா வண்டியிலிருந்து இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், முற்றத்துக்கு அப்பால் திறந்திருந்த பின்னறையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க" என்றார். "இது நம்ம தோப்புல விழுந்தவருங்க. நான் தண்ணி ஊத்துனேன்ல."

தோப்புக்காரர் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது அவருக்கு.

"அட" என்றார். "பொழச்சுட்டானே, நல்லதாப் போச்சு. நான்தான வண்டி குடுத்தேன் அன்னைக்கு."

"குடுத்தீங்க" என்றேன். "மண்டியில லோடு எறக்கிட்டு வந்து குடுத்தீங்க."

அந்தம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எறக்கிட்டு வந்தா? வண்டி உடனே கெளம்புன சத்தம் கேட்டேனே நான்."

"மாங்கா போன சத்தம்மா அது" என்றேன். "நாங்க தரையில கெடந்தோம்."

"நீங்க ஆளத்தான் ஏத்தி விட்டேன்னு சொன்னீங்க" என்றார் அந்தம்மா.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? அவ ஏதோ சொல்லுறா. ஏத்துன லோட எறக்கிப் போட்டுட்டா ஆள ஏத்த முடியும்? ரோட்டுல வச்சு என்னத்துக்குப் பேசிக்கிட்டு…"

அந்தம்மா வண்டியின் பின்பக்கம் போய்த் தன் பையை எடுத்தார். கேட்டுக்கு வந்தார்.

"நான் உன் அறையில ஒரு மூலையில படுத்துக்கிடலாமா தாயி?"

கேட்டைத் திறந்தேன். அவர் நுழைந்ததும் சாத்தினேன்.

"ஏய், நான் எங்க போறது?" என்று தோப்புக்காரர் கத்தினார்.

"வீட்டுக்குப் போங்க. கரண்டு இருந்தா ஏசி ஓடும்" என்று அந்தம்மா சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை.

தோப்புக்காரர் வெகுநேரம் கேட்டுக்கு வெளியே நின்றார். ஹாரன் அடித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தம்மா என் வீட்டுக்காரர் எதிரில் தரையில் உட்கார்ந்து எதுவோ கேட்டார். பதில் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. நான் ரசம் வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை வெயில் ஏறின பிறகு வண்டி வந்தது. தோப்புக்காரர் கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. சட்டை கசங்கியிருந்தது.

"ராத்திரி பூரா கரண்டு இல்ல" என்றார் கேட்டுக்கு வெளியே நின்று. "நெஞ்ச அடைச்சிருச்சு. ஈரத்துண்டப் போட்டுக்கிட்டு மாடியில கெடந்தேன். தண்ணி ஊத்தக்கூட ஆளில்ல."

நான் கேட்டைத் திறக்கவில்லை.

"அவள வரச் சொல்லு. கூட்டிட்டுப் போறேன்."

வண்டியைப் பேரிக்காய் மரத்து நிழலில் போட்டிருந்தார். அதில் ஏறி உட்கார்ந்து, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், அங்க நிறுத்தாதீங்க" என்றேன். "பார்ட்டி வண்டி வரும். அங்கிட்டுப் போடுங்க."

எதிர்ப்பக்கம் மரம் கிடையாது. இங்கே காற்றுதான் குளிர். வெயில் அப்படியில்லை, கண்ணாடி வண்டிக்குள் உட்கார்ந்தால் தெரியும். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்து அந்தப் பக்கம் போட்டார். டீசல் குறைவாக இருந்ததோ என்னவோ, ஏசி போடவில்லை. கண்ணாடியை இறக்கிக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

உள்ளே போனேன். அந்தம்மா குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. வெளிய இருக்காரு."

"கெளம்பச் சொல்றாரா?"

"ஆமா."

சீப்பை எடுத்துத் தலைமுடியைப் பிரித்து விட்டுக்கொண்டார். "இருக்கட்டும். தல ஊத்தி நாளாச்சு. தண்ணி போதுமா தாயி?"

அடுப்பில் இன்னொரு வாளி வெந்நீர் வைத்தேன்.