ஜுலைகா கூட்டிப்போன பெண்கள்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜுலைகாவின் தையல் கடை ஒரே அறைதான். குறுக்கே ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் அளவு கொடுக்க நிற்கும் பெண்கள் அவளிடம் சொல்லாத சங்கதி கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டே அளவெடுப்பாள். ஒரு வார்த்தை வெளியே போகாது.

வேலப்பன்சாவடியில் கல்லூரிக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாள் ஒருநாள் மாம்பழ நிறப் பட்டுத்துணியோடு வந்தாள். மகளுக்கு வளைகாப்பு.

“அளவு ஜாக்கெட் எடுத்தாந்துகீறேன். அதப் பாத்து வெட்டிடு பாயம்மா.”

எப்போதும் வந்ததும் வராததுமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள் இவள். “பட்டுக்கு அதெல்லாம் சரிப்படாதுக்கா” என்று ஜுலைகா நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். வேம்புலியம்மாள் வெடுக்கென்று விலகினாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படித் துள்ளுறீங்க?”

வேம்புலியம்மாள் திரையின் பூக்களைப் பார்த்தபடி, “எடது பக்கம் ஒரு கட்டி கீது. கோலிகுண்டு கணக்கா. மூணு மாசமாச்சு” என்றாள். மெயின் ரோட்டில் ஒரு தனியார் லேப்பில் விசாரித்தாளாம். அவர்கள் சொன்ன தொகைக்கு வளைகாப்பையே முடித்துவிடலாம். “பொண்ணு காரியம் மொதல்ல ஆவட்டும்னு உட்டுட்டேன். ஊட்ல யாருக்கும் தெரியாது.”

ஜுலைகா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்திருங்க. சுகாதார நிலையத்துல ரோஷினின்னு நர்ஸ் இருக்காங்க, நம்மகிட்டதான் துணி தைப்பாங்க. கையால பார்த்தே சொல்லுவாங்க. காசு கிடையாது.”

“கடைய யாரு பாப்பா?”

“ஒருநாள் காலேஜ் பசங்க பரோட்டா தின்னட்டும்.”

மறுநாள் ரோஷினி தொட்டுப் பார்த்தாள். பயமுறுத்தவும் இல்லை, மழுப்பவும் இல்லை. படமெடுத்துப் பார்த்தால்தான் தெரியும், பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே எடுப்பார்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அப்புறம் ஜுலைகா பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு என்ன வயசுக்கா?”

“நாப்பத்தி நாலு. எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்?”

“நல்லா இருக்கும்போதே பார்க்கணும். வாங்க.”

ஊரார் மார்பளவெல்லாம் அத்துப்படியாக வைத்திருப்பவளுக்குத் தன்னை ஒருத்தி தொட்டதும் கூச்சத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வேம்புலியம்மாள் குரல் வந்தது: “எங்கள இன்னா பாடு படுத்துன! இப்ப தெர்தா?” ஜுலைகாவுக்கு ஒன்றும் இல்லை.

பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு நடை. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசும் இல்லை. முதல் நடையில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அழுத்திப் படமெடுத்தார்கள். “இட்லித் தட்டுல மாட்டிக்கின மாரி கீது” என்று வேம்புலியம்மாள் முனக, படமெடுத்த பெண்ணும் சிரித்துவிட்டாள். இரண்டாம் நடையில் ஸ்கேன். ஜுலைகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டரம்மா திரையில் பார்த்தபடியே ஊசியைச் செலுத்தி இழுத்தார். வெளிறிய மஞ்சளில் தண்ணீர் வந்தது. கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

“வெறும் நீர்க்கட்டிம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சு ஒருதடவ வந்து காட்டுங்க.”

வேம்புலியம்மாள் தடவித் தடவிப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்யக்கூட மறந்து வராந்தாவுக்கு ஓடிவந்தாள்.

“பாயம்மா! காணோம்! காணாமப் பூட்ச்சு!”

பர்ஸ்தான் பறிபோய்விட்டதென்று நினைத்து வாட்ச்மேன் ஓடிவந்தார். என்ன காணோம் என்று அவர் கேட்க, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வளைகாப்பன்று மாம்பழ ஜாக்கெட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வேம்புலியம்மாள் வந்த பெண்களை ஒவ்வொருத்தியாகச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னாள். அடுத்த வாரமே துணி எதுவும் கொண்டுவராமல் நான்கு பேர் ஜுலைகா கடையில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் பெண்களைச் சோதனைக்குக் கூட்டிப்போவது அவள் வேலையாகிவிட்டது.

போனவர்களில் ஒருத்திக்கு மட்டும் புற்றுநோய் என்று வந்தது. ஆவடி தொழிற்சாலை கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானம்மாள். ஆனால் ஆரம்பத்திலேயே அகப்பட்டதால் கட்டியை மட்டும் எடுத்தார்கள், காப்பீட்டு அட்டையிலேயே சிகிச்சை முடிந்தது. எட்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு ஜாக்கெட் துணியோடு ஞானம்மாள் வந்தாள்.

“இடது பக்கம் உள்ள கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தைக்கறேன்க்கா, வித்தியாசமே தெரியாது. மத்தபடி எப்பவும்போலத்தானே?”

“எப்பவும்போல எதுக்கு?” என்றாள் ஞானம்மாள். “முதுகுல நல்லா எறக்கி வெட்டு. கயிறு வெச்சு, பெரிய குஞ்சமா ரெண்டு தொங்க உடு.”

“சர்ச்சுக்கா?”

“சர்ச்சுக்குத்தான்!”

ஜுலைகா சிரித்துக்கொண்டே அளவு நோட்டில் எழுதினாள்: குஞ்சம் இரண்டு, பெரிது.