என் படத்துக்கு அவர்கள் எழுதிய வரி

மலேசியாவில் ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில் செம்பனை எண்ணெய்த் தோட்டம். அதில் தொழிலாளிகளுக்கென்று வரிசையாய்க் கட்டிய பழைய லயத்து வீடுகள். எங்கள் கூரைத் தகரமெல்லாம் துருப்பிடித்து ஓட்டை. எத்தனை தடவை சொன்னாலும் நிர்வாகம் காதில் போட்டுக்கொள்ளாது.

அப்போதுதான் ஜோகூர் பாருவிலிருந்து ஒரு பெண் கேமராக்களோடு வந்தாள்.

"உங்க கஷ்டத்த வெளியாளு படம் எடுக்கக் கூடாது ஆன்டி. நீங்களே எடுங்க. பெரியவங்க கண்ணுல பட்டா மாற்றம் வரும்."

சின்னப் பெண். நல்ல மனசு. நம்பினேன்.

மழை நாளில் என் அடுப்படியை எடுத்தேன். கூரையில் ஓட்டை, கீழே தண்ணீர் பிடிக்க வைத்த குழம்புச் சட்டி, சுவரெல்லாம் பாசி. பக்கத்து வீட்டு அக்காவோ வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, எவர்சில்வர் தட்டுகளை விளக்கி அடுக்கிவிட்டுத்தான் கேமராவைத் தொட்டார்.

"என்னக்கா, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"போடி. ஒரு ஆளு வந்தாலே வீட்டக் கூட்டி வைக்கிறோம். இதுல ஊரே வந்து பாக்கப் போவுது."

குளுவாங் டவுனில் ஒரு மண்டபத்தில் படங்களை மாட்டினார்கள். என் படம் வாசலிலேயே, பெரிதாக. அக்காவின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில். என் படத்துக்கு அடியில் மலாயில் ஒரு வரி: மனிதர் குடியிருக்கத் தகுதியில்லாத வீடு. என்னை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் "பாவம்" என்றார்கள், தட்டில் வைத்த கறிபாப் பலகாரம் தின்றார்கள், போனார்கள்.

கொஞ்ச நாளில் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்தார். அவர் கைப்பேசியில் என் படம்.

"உங்க வீடுதானே லா இது? தகுதியில்லன்னு நீங்களே போட்டுட்டீங்க. கூரை தலையில விழுந்தா கம்பெனிதான் பதில் சொல்லணும். எல்லாரும் காலி பண்ணுங்க."

"கூரைய மாத்தத்தானே படம் எடுத்தேன்!"

"அப்படி எழுதலயே."

படம் பொய்யில்லை. ஆனால் அதற்கு வாய் கிடையாது. அந்தப் பெண் இரக்கம் வரட்டும் என்று எழுதினாள். அதையே வைத்து எங்களைத் துரத்தப் பார்த்தார்கள். போவதற்கு எங்களுக்கு வேறு இடம் ஏது?

மனு கொடுத்தோம். மாவட்ட அதிகாரி முன் கூட்டம் நடந்தது. இரண்டு படங்களையும் அவர் மேசையில் வைத்தேன். அக்காவின் படத்தைத்தான் அதிகநேரம் பார்த்தார்.

"இது எந்த வீடு?" என்று மலாயில் கேட்டார்.

"அதே லயம்தான். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான். அந்த அக்கா மகன் சொந்தக் காசுல தகரம் மாத்தினாரு. எங்களுக்குக் கம்பெனி மாத்தித் தரல. அவ்வளவுதான் வித்தியாசம்," என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

மாற்று வீடு காட்டாமல் யாரையும் கிளப்பக் கூடாது, முதலில் கூரையைப் பாருங்கள் என்று நிர்வாகத்திடம் சொன்னார். தகரம் இன்னும் வரவில்லை. சட்டி அதே இடத்தில் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

போன வாரம் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"ஆன்டி, கோலாலம்பூர்ல கண்காட்சி. உங்க படம் வேணும்."

"அடியில என்ன எழுதப் போற? வாசி."

தயங்கித் தயங்கி வாசித்தாள். பாதியிலேயே நிறுத்தினேன்.

"அத எடு. நான் சொல்றத எழுது. கூரையை மாற்றித் தாருங்கள். இந்த வீட்டில்தான் இருப்போம்."

"கொஞ்சம் கோவமா இருக்கே ஆன்டி…"

"கோவம்தான். அப்படியே போடு. அக்கா படத்தையும் பக்கத்துலயே மாட்டு. திரும்ப கக்கூஸ் பக்கம் மாட்டுன, நானே வந்து ரெண்டையும் கழட்டிட்டுப் போயிடுவேன்."