கை எடுக்காத கும்பிடு

ஐம்பத்து மூன்று வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். யாரையும் எதிர்பார்க்காமல் நானே கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று வெகுநாள் ஆசை. முதல்முறை தனியாகப் பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போனேன். கோயில் கண்ணில் பட்டதும், பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டேன். வண்டியோடு விழுந்தேன்.

பூக்காரப் பெண் ஓடிவந்து தூக்கினாள். "மகனைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்துடறேம்மா. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அழுதேன்.

"பஸ்ஸுல வர்றவங்க கும்புடலாம்க்கா. டிரைவரும் கும்புட்டா என்னாவறது?" என்று சிரித்தாள். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. மனசுல கும்புட்டுட்டு ஓட்டுங்க."

தரிசனம் முடித்து நானே ஓட்டித் திரும்பினேன். வழியில் பிள்ளையார் கோயில் வந்தது. கை பரபரத்தது, பிடியை விடவில்லை. "அப்பனே, நான் வண்டி ஓட்டுறேன் பாரு" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சாமி கும்பிட்டதே இல்லை.