எலிதான் என்று சொன்னவர்

சென்ற ஞாயிறு மத்தியானம் மகள் தன் மடிக்கணினியில் ஒரு பழைய பேய்ப் படத்தைப் போட்டாள். சிறு வயதில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, பதினைந்து பேர் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த அதே கறுப்பு வெள்ளைப் படம். பாழடைந்த பங்களாவுக்கு ஒரு குடும்பம் குடிவருகிறது. சுவருக்குள் ஏதோ பிறாண்டுகிறது. பிள்ளைகள் பயப்படும்போதெல்லாம் அப்பா சிரித்துக்கொண்டே எலிதான் என்கிறார்.

சுவரிலிருந்து கை நீண்டபோது மகள் சிரித்தாள். ரப்பர் கையுறை என்பது நன்றாகவே தெரிந்தது. எனக்கு அதற்கு முன்பே, அந்த அப்பா மூன்றாவது முறை எலி என்றபோதே பயம் வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்தவர் போலப் பேசினார்.

நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

போன மாதப் பெருமழையின்போது, நான் பிறந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. நான் ஆசிரியை, குடியிருப்பது தலவாக்கலை டவுனில். சித்தி இன்னும் லயத்தில்தான். லயத்தாரைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாதுகாப்பாக இருக்கும்படி கிராம சேவகர் சொன்னதாகப் போன் செய்தார். அதே நாள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் பேசினார். தேர்தலில் அவர் கட்சிக்காக லயம் லயமாகப் போய், வாக்குச்சீட்டில் எங்கே புள்ளடி போடுவது என்று காட்டிக் கொடுத்தவள் நான். லயத்தாருக்குக் கட்டித்தரும் தனிவீடுகளுக்குப் பட்டியல் தயாராகிறது, லயத்தில் ஆள் இல்லாத காம்பிரா அறையைச் சேர்க்க மாட்டார்கள், போக வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார்.

சொன்னேன். "வெடிப்பு வருசா வருசம் விடுறதுதானே சித்தி. பேர வெட்டிட்டாங்கன்னா அப்புறம் யாரு எழுதுவா?"

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்."

மூன்றாம் நாள் காலை மண் இறங்கியது. சித்திக்குக் கால் நசுங்கியது. பக்கத்துக் காம்பிராக்காரர் உயிரோடு வரவில்லை. நான் சொன்னதைச் சித்தி அவருக்கும் சொல்லியிருந்தார்.

பயமுறுத்தி வாக்குக் கேட்டவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்வதும் அரசியல்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

படம் முடியுமுன் போன் அடித்தது. தலைவர்தான். "டீச்சர், மத்த லயத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. சனங்க பள்ளிக்கூடத்த விட்டு வரமாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"மண்ணு பாக்குற ஆபிசருங்க வந்து பாத்துட்டாங்களா?"

"பாப்பாங்க, பாப்பாங்க. அதுக்குள்ள காலையில பெரட்டுக்கு, கொழுந்தெடுக்க ஆள் வேணுமே."

"அப்ப ஆபத்து இல்லன்னு எழுத்துல குடுங்க தலைவரே."

"என்னா டீச்சர், என்னயே நம்பலயா?"

"என்னயே நான் நம்பல. உங்கள எப்புடி நம்புறது."

மகள் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அங்க போய்ச் சொல்லுங்கம்மா, எங்கிட்ட எதுக்கு?" என்றாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் பிடித்துப் போனோம். வகுப்பறையில் கட்டுப் போட்ட காலை நீட்டிச் சித்தி படுத்திருந்தார். பக்கத்துப் பாயில் இறந்தவரின் மனைவி, நிவாரணமாக வந்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரிப் பேசிட்டேன்," என்றேன்.

"இப்பத் தெரியுமா?" அந்த அம்மா கேட்டார்.

"தெரியாது. யாரும் பாக்காம, எழுதிக் குடுக்காம, லயத்துக்குப் போகாதீங்க. நான் சொன்னாலும் போகாதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பாய்களின் பக்கம் திரும்பி, "டீச்சருக்குத் தெரியாதாம். யாரும் கெளம்ப வேணாம்," என்றார்.